சோளகத்தில் எந்தக் கடல்? யாழ்ப்பாணத்தில் குடும்பத்தோடு பாய்ப்படகு ஓட மூன்று இடங்கள்

நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டி வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கினால், கடலோடு பழக்கமுள்ள எந்த வீட்டிலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நெடுந்தீவுக்கு நாங்களே பாய் விரிச்சுப் போவமோ?" ஆசை நியாயமானது. ஆனால் ஆடி, ஆவணி என்பது சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று முழு மூச்சாக வீசும் காலம். பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறும் படகுக்கு இடம் தெரிவு செய்யும்போது தீவின் பெயரைப் பார்க்காமல் காற்றின் திசையைப் பார்க்க வேண்டும். ஏதும் பிழைத்தால் படகு எந்தப் பக்கம் தள்ளுப்படும் என்பதையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நெடுந்தீவு, வடகரை, ஊர்காவற்துறை உட்கடல் மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கடல்கள்.

சோளகம் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வரும். ஐப்பசி பிறக்கக் காற்று மாறி, வாடை மழையோடு வடகிழக்கிலிருந்து இறங்கும். இரண்டுக்கும் நடுவே மாசி, பங்குனி, சித்திரையில் கடல் படுத்துக் கிடக்கும்.

முதலில் நெடுந்தீவு. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவின் மாவிலித்துறைக்குச் சுமார் 10 கிலோமீற்றர். பயணிகள் படகுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பாய்ப்படகுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. தீவு மேற்கே, சற்றுத் தெற்குச் சாய்வாக இருக்கிறது. சோளகமும் ஏறக்குறைய அதே பக்கமிருந்துதான் வருகிறது. காற்று வரும் திசைக்கு நேரே எந்தப் பாயும் ஓடாது. சாதாரணக் குடும்பப் படகு காற்றுக்கு 45 பாகை விலகித்தான் ஓடும். ஆகவே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக மாறிமாறி ஓடி, 10 கிலோமீற்றரை 14 ஆக்கித்தான் போய்ச் சேரலாம். அதுவும் அலை படகின் முன்பக்கமான அணியத்தில் அடித்து, எல்லோரையும் நனைத்துக்கொண்டு. முதல் அரை மணியில் சின்னப் பிள்ளை ஒன்று சத்தி எடுத்தால் மிச்சப் பயணம் எல்லோருக்கும் தண்டனைதான். திரும்பி வரும்போது காற்று முதுகில் இருக்கும், பறந்து வரலாம். ஆனால் அந்தச் சுகத்துக்காக இந்தப் போக்கை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பங்குனியில் அதே கடல் வேறு கடல். காலையில் மெல்லிய காற்று, தெளிந்த தண்ணீர். தீவில் இறங்கினால் முருகைக்கல் மதில்கள், காட்டுக் குதிரைகள், பெரிய பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டையின் மிச்சம் என்று ஒரு பகல் போதாது. தீவே சுமார் 50 சதுர கிலோமீற்றர். நீந்தத் தெரிந்த சினேகிதர்கள் நாலைந்து பேர் ஓரிரவு தங்கிவரப் போவதென்றால் இதற்கு ஈடு வடக்கில் வேறில்லை. இரவில் மட்டும் கடலில் நிற்க வேண்டாம்: இழுவைப் படகுகள் வரும், விரித்த வலைகள் கண்ணுக்குத் தெரியாது. பொழுதுபட முன்னர் துறையில் கட்டிவிடுங்கள்.

அடுத்தது வடகரை: காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை. சோளக காலத்தில் கரையில் நின்று பார்த்தால் மனம் மயங்கும். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். ஆபத்தும் அங்கேதான். பாய் கிழிந்தாலோ சுக்கான் உடைந்தாலோ காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவராது. வடகிழக்கே, வங்காள விரிகுடாப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். கரையை விட்டு விலக விலக அலையும் எழும்பும். வாடையில் நிலைமை தலைகீழ்: தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் இராட்சதப் பட்டங்களை ஏற்றும் அதே காற்று, கடலில் அலையைக் கொண்டுவந்து கற்பாரில் உடைக்கும். அந்தக் கரையோரக் கற்பாறைத் திட்டை வெட்டிய, வான் என்று சொல்லும் வழியால் படகை உள்ளே எடுக்க உள்ளூர்க் கை வேண்டும். இந்தக் கரை ஓட்டிகளின் கரை. இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போனது. அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. அதற்காக மாமியையும் மூன்று வயதுப் பேரனையும் ஏற்றிக்கொண்டு இங்கே பழகக்கூடாது.

என் தெரிவு ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட உட்கடல். சோளகம் இங்கேயும் அடிக்கும், ஆனால் ஊர்காவற்துறை இருக்கும் தீவைத் தாண்டி வருவதால் அலை எழும்ப இடமில்லை. ஊர்காவற்துறையிலிருந்து வடக்கே காரைநகர்ப் பக்கம் ஓடினால் போகும்போது காற்று பின்பக்கமாகச் சாய்ந்து வரும், சுகமான ஓட்டம்; திரும்பும்போது மட்டும் காற்றுக்கு நெருக்கி ஓடவேண்டும். வழியில் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தது. இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. பாதை என்று சொல்லும், இரு கரைக்கும் நடுவே ஓடும் மிதவையில் சைக்கிளோடு நிற்கும் சனம் கைகாட்டும், பிள்ளைகளும் திருப்பிக் காட்டும். மார்கழி தொடக்கம் பங்குனி வரை பூநாரைகள் ஆழமில்லாத ஓரங்களில் நிற்கும். மோட்டர்ச் சத்தம் இல்லாமல் அவற்றைப் பார்ப்பது பாய்ப்படகுக்கே கிடைத்த வாய்ப்பு. ஆனாலும் தள்ளி நின்று பாருங்கள், எழுப்பாதீர்கள்.

இங்கே உள்ள தொல்லை ஆழம்தான். அடியில் நிலையான கனத்த பலகை வைத்த வெளிநாட்டுப் படகு ஒன்றரை, இரண்டு மீற்றர் தண்ணீர் கேட்கும்; அதற்கு இந்த உட்கடல் சரிவராது. நடுப்பலகையைத் தூக்கக்கூடிய சின்னப் படகு வேண்டும். தண்ணீர் கருமை கட்டினால் கீழே சாதாளை என்ற கடற்புல், வெளிறினால் மணல். பலகை சாதாளையில் உரசும்போது படகு மெதுவாகும்; அது தெரிந்த உடனே பலகையைத் தூக்கிவிடுங்கள். மீன் பிடிக்க நட்ட சிறகுவலைத் தடிகள் வரிசையாக நிற்கும். சுற்றித்தான் போகவேண்டும், அது ஒருவருடைய பிழைப்பு.

பிள்ளைகள் குதிக்க இடுப்பளவு தண்ணீர் போதும். காலில் சப்பாத்து இருக்கட்டும், மணலில் திருக்கை கிடக்கும். பாதத்தை உரசி உரசி நடந்தால் அது விலகிவிடும். மத்தியானத்துக்கு ஊர்காவற்துறையிலேயே நண்டும் றாலும் வாங்கி, கரையில் ஒடியல் கூழ் காய்ச்சலாம். மாவைக் காலையிலேயே ஊறவிட்டுக் கொண்டுபோங்கள். பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் அவிந்து, புளி விட்டு இறக்கிய கூழைப் பனையோலைப் பிளாவில் ஊற்றி, உப்புக் காய்ந்த கையோடு குடிக்கும்போது வெளிநாட்டுப் பிள்ளைகளும் இரண்டாம் தரம் கேட்பார்கள்.

எங்கே போனாலும் கடற்படைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி போடுங்கள், சின்ன மோட்டர் ஒன்றையும் எரிபொருளோடு வைத்துக்கொள்ளுங்கள். நெடுந்தீவுக்கென்றால் மேலதிகமாக ஒரு நாளையும் கையில் வைத்திருங்கள். மறுநாள் விமானம் ஏற வேண்டியவர் குழுவில் இருந்தால் அவரை ஊர்காவற்துறைக்குக் கூட்டிப்போங்கள், நெடுந்தீவு அடுத்த பங்குனிக்கு இருக்கட்டும்.