மொட்டைமாடிச் சூரிய மின்சாரம்: தனி வீட்டுக்கா, பொது இணைப்புக்கா?

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டைமாடி எல்லோருக்கும் உரியது என்பதால், ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி கேட்கும் சூரிய மின்தகடுகளை யாருடைய இணைப்புக்காக நிறுவுவது என்பதே முதல் கேள்வி.

தனி வீட்டு இணைப்புக்கு மானியம் தாராளமானது: 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் கிடைக்கின்றன. ஆனால் இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் சிறிய குடும்பத்துக்கு மிச்சமாகும் தொகை குறைவு. குளிர்சாதனம் ஓயாமல் ஓடும் வீட்டுக்கே அது பொருந்தும். பக்கத்து வீட்டாரின் சம்மதம் வாங்குவது தனிப் பாடு.

பொது இணைப்புக்கு மானியம் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்தான். ஆயினும் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்குகள் ஆகியவற்றுக்கான மின்கட்டணத்தில் அந்த இலவச யூனிட்டுகள் இல்லை என்பதாலும், மோட்டாரைப் பகலில் ஓட்டிக்கொள்ளலாம் என்பதாலும், வாடகைக்கு இருப்பவர் உட்பட எல்லோருடைய பராமரிப்புச் செலவும் குறைவதாலும், லிஃப்ட் உள்ள கட்டடங்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

ஒன்றில் மட்டும் இரண்டும் சமம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நேர்ந்ததுபோல் மின்தடை ஏற்பட்டால், பேட்டரி இல்லாத அமைப்பு, மின்கம்பியில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்.