இலவச ஏலத் தளமா, கட்டணத் தளமா: விற்பவருக்கு எது கட்டுப்படியாகும்?

ஆன்லைனில் பொருள் விற்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்தத் தளத்தில் காசு பிடிக்க மாட்டார்கள்?" என்பதுதான். நூறு ரூபாய்க்கு விற்று அதில் பத்து ரூபாய் போனால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் ஏலத் தளங்களான ஈபேயும் யாஹூ ஏலமும் அமெரிக்காவில் மோதிய கதையைப் பார்த்துவிட்டால் இந்தக் கேள்வியே கொஞ்சம் மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

ஈபேயும் இலவசமாகத்தான் பிறந்தது. 1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் தன் சொந்த இணையதளத்தில் ஒரு ஓரமாகத் தொடங்கிய ஏலப் பக்கம் அது. உடைந்த லேசர் பாயிண்டர் ஒன்று 14.83 டாலருக்குப் போனது. கூட்டம் சேர்ந்ததும், மாதம் 30 டாலர் வாங்கிக்கொண்டிருந்த இணைய இணைப்பு நிறுவனம் 250 டாலர் கேட்டது. அதைச் சமாளிக்கத்தான் அவர் விற்றவர்களிடம் சிறு கமிஷன் கேட்டார். வசூலிக்க ஆளும் இல்லை, கட்டாவிட்டால் என்ன செய்வது என்ற ஏற்பாடும் இல்லை. ஆனாலும் தபாலில் காசோலைகள் வந்தன, அட்டையில் ஒட்டிய சில்லறைக் காசுகள்கூட வந்தன. பொருள் விற்று, பணம் கைக்கு வந்தபின் கேட்டதால் கொடுத்தார்கள். இந்த இடம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

யாஹூ 1998-இல் வந்தது. பொருளைப் போடவும் காசில்லை, விற்றாலும் கமிஷனில்லை. சரக்கு வந்து குவிந்தது, ஏலம் கேட்கத்தான் ஆள் குறைவு. கடை விரித்தேன் கொள்வாரில்லை என்பார்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமை. பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் ஒரே மாதிரியான பழைய வெள்ளி டாலர் நாணயங்களை இரண்டு தளங்களிலும் ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ஈபேயில் சராசரியாக இரண்டு பேர் கூடுதலாகக் கேட்டார்கள், விலை 20 முதல் 70 சதவீதம் வரை அதிகமாகக் கிடைத்தது. அவ்வளவு வித்தியாசம் இருந்தால், கமிஷன் போனாலும் கட்டணத் தளத்தில் விற்றவருக்குத்தானே லாபம்?

2001 ஜனவரியில் யாஹூவும் கட்டணம் போட்டது, 20 சென்ட்டிலிருந்து 2.25 டாலர் வரை. அதுவும் பொருளைப் பட்டியலில் போடுவதற்கே. போணி ஆகாவிட்டாலும் தரை வாடகை கொடு என்று கேட்பது போலத்தான். சரக்கில் பெரும்பகுதி சில வாரங்களில் காணாமல் போனது. 2005-இல் மறுபடி இலவசமாக்கினார்கள், போனவர்கள் திரும்பவில்லை, 2007 ஜூனில் அமெரிக்கக் கடையை மூடிவிட்டார்கள்.

அதே யாஹூ பெயரில் ஜப்பானில் நடந்தது நேர் எதிர். அங்கே 1999 செப்டம்பரிலேயே இலவசமாக ஆரம்பித்துவிட்டார்கள், ஈபே சில மாதங்கள் பிந்தி, அதுவும் கட்டணத்தோடு வந்து சேர்ந்தது. அதற்குள் வாங்குபவர்கள் யாஹூவில் கூடிவிட்டார்கள். பிறகு 2001-இல் ஜப்பான் யாஹூவும் கட்டணம் வாங்க ஆரம்பித்தது, ஆனாலும் கூட்டம் கலைந்துவிடவில்லை. 2002-இல் வெளியேறியது ஈபேதான்.

சீனாவின் தவ்பாவ் என்ற விற்பனைத் தளம் இன்னொரு ரகம். 2003 மே மாதம் அது தொடங்கியபோது, அங்கே ஈச்நெட் தளம் கட்டணத்தோடு நடந்துகொண்டிருந்தது, அதில் ஏற்கெனவே பங்கு வைத்திருந்த ஈபே அதே ஆண்டில் அதை முழுதாக வாங்கிவிட்டது. தவ்பாவ் முழு இலவசம். ஆனால் அது ஜெயித்ததற்கு இலவசம் மட்டும் காரணமில்லை. கமிஷனில் பிழைக்கும் தளத்துக்கு, விற்பவரும் வாங்குபவரும் தனியாகப் பேசி வெளியே வியாபாரத்தை முடித்துக்கொள்வார்களோ என்ற பயம் எப்போதும் உண்டு, அதனால் இருவருக்கும் நடுவே சுவர் கட்டும். தவ்பாவுக்கு அந்தப் பயமில்லை, நேராகப் பேசிப் பேரம் பண்ண வழி செய்து கொடுத்தது. பொருள் கைக்கு வந்து சேரும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் அலிபேயையும் கொண்டு வந்தது. 2006 முடிவில் ஈபே தன் சீனத் தளத்தை மூடி, உள்ளூர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஒதுங்கியது.

ஆனால் அந்த இலவசத்துக்கும் விலை இருந்தது. அதே 2006-இல் தவ்பாவ், காசு கொடுப்பவரின் பொருளை முன்னால் காட்டும் திட்டத்தைக் கொண்டுவர, விற்பவர்கள் கொந்தளித்ததால் அதைக் கைவிட்டது. பிற்பாடு விளம்பரமாக அதே விஷயம் வந்து நிலைத்துவிட்டது. கடை போட இலவசமாகத்தான் இருந்தது, கண்ணில் படுவதற்குத்தான் காசு. கமிஷனாவது விற்றால்தான் போகும், விளம்பரக் காசு விற்காவிட்டாலும் போய்விடும். சிறு வியாபாரிக்கு இதுதான் கையைக் கடிக்கிறது.

அப்புறம் பணம் வாங்கும் சேவை. பேபால் ஆரம்பத்தில் சேர்பவருக்கே 10 டாலர் கொடுத்தது. கணக்கில் தங்கும் பணத்தின் வட்டியில் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. மக்களோ கிரெடிட் கார்டில் கட்டினார்கள், கார்டு நிறுவனங்களுக்கு பேபால் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. 2000-லேயே வியாபாரக் கணக்குகளுக்குக் கட்டணம் வந்துவிட்டது. பின்னால் பல வருடம் அமெரிக்காவில் நின்ற விகிதம் 2.9 சதவீதமும் கூடவே 30 சென்ட்டும். 100 டாலர் பொருளுக்கு 3.20 டாலர்தான், தாங்கலாம். 5 டாலர் பொருளுக்கோ ஏறக்குறைய 45 சென்ட், அதாவது 9 சதவீதம்! பழைய தபால்தலை, சின்னப் பொம்மை விற்பவர்களை அடித்தது அந்த 30 சென்ட்தான்.

நம் ஊர் யுபிஐயை இதோடு வைத்துப் பார்க்கலாம். 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது விதி. செலவு இல்லாமலா நடக்கிறது? 2024-25க்கு மத்திய அரசு ஒதுக்கிய ஊக்கத்தொகை 1,500 கோடி ரூபாய், சிறு வியாபாரிகள் வாங்கும் 2,000 ரூபாய் வரையிலான தொகைகளுக்கு 0.15 சதவீதம். மீதியைச் செயலிகள் கடன் விற்பதிலும், டீக்கடையில் "பணம் பெறப்பட்டது" என்று கத்துகிற அந்தப் பெட்டியின் மாத வாடகையிலும் தேடிக்கொள்கின்றன. பேபாலின் இலவசத்தைவிட இது உறுதியானது, ஏனென்றால் யார் கொடுக்கிறார்கள் என்பது தெரிகிறது. ஆனால் அரசு எப்போது கையை விரித்தாலும் பாரம் கடைக்காரர் தலையில்தான் விழும் என்பதால், சும்மா கிடைக்கிறது என்று விலையை அடிமட்டத்துக்குக் குறைத்து வைத்திருப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

என்னைக் கேட்டால், விற்றபின் மட்டும் கமிஷன் பிடிக்கும், வாங்குபவர் கூட்டம் உள்ள தளத்தைத்தான் சொல்வேன். போட்டு வைப்பதற்கே காசு கேட்பதை, பொருள் அரியதாக இருந்தாலொழியத் தொடாதீர்கள்.

ஈபே 2024 அக்டோபரில் பிரிட்டனில் தனிநபர் விற்பனையை இலவசமாக்கியது. விற்பவர்களுக்கு மகிழ்ச்சிதான். 2025 பிப்ரவரியில் அதே பொருள்களை வாங்குபவரிடம் ஒரு பாதுகாப்புக் கட்டணத்தைச் சேர்த்துவிட்டது. இந்தப் பொருளுக்கு மொத்தமாக 20 பவுண்டுக்கு மேல் தரமாட்டேன் என்று மனதில் வைத்திருப்பவர், அந்தக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குத்தான் ஏலம் கேட்பார்.