கேம் இசை ரீமிக்ஸ்: ஒரு மைக்செட்காரனின் நீண்டகால அனுபவம்

வீடியோ கேம் இசையை எடுத்து, பிரித்து, வேறு வாத்தியங்களில் திரும்பக் கட்டி, காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுக்கும் ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் செய்வதைப் பாலிடெக்னிக் படித்த காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். எனக்குத் தங்கச்சிமடத்தில் மைக்செட் தொழில். முளைப்பாரி, சப்பர பவனி, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ஸ்பீக்கர் பெட்டிகளோடுதான் பிழைப்பு. கேம் விளையாடுவதை எப்போதோ விட்டாயிற்று. பாட்டை மட்டும் விடவில்லை. ஆகவே கீழே வரும் குறை நிறைகள் எல்லாம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கிறவனின் காதில் பட்டவை.

இந்தக் கூட்டங்களில் ரொம்பப் பேர் அறிந்தது ஓவர்குளாக்டு ரீமிக்ஸ் என்ற இணையதளம். 1999-இல் டேவிட் லாயிட் என்ற அமெரிக்கர் தொடங்கினார். இப்போது 4,000-க்கு மேற்பட்ட ரீமிக்ஸ்கள் இருக்கின்றன, எல்லாமே இலவசம். எண்ணிக்கையைப் பார்த்து நான் அங்கே தங்கவில்லை. நடுவர் குழுவுக்காகத் தங்கினேன். யார் அனுப்பினாலும் நேராக வெளியே வந்துவிடாது. நடுவர்கள் கேட்டு, சரி அல்லது வேண்டாம் என்று காரணத்தோடு எழுதுவார்கள். ஊர்த் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி நடத்துகிறவர்களுக்கு "ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சு" என்பதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இங்கே அப்படி இருந்தால் தள்ளிவிடுவார்கள். மூலத்தை அப்படியே வாசிக்கக் கூடாது, மூலத்தை விட்டு ஓடவும் கூடாது. பாட்டின் நீளத்தில் பாதிக்கு மேல் மூலப்பாட்டு அடையாளம் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சந்தேகம் வந்தால் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை மூலம் கேட்கிறது என்று எண்ணிக் கூட்டிக்கூட எழுதுவார்கள். ஆரம்பத்தில் இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. அப்புறம் அந்தத் தீர்ப்புகளை வாசித்துக்கொண்டே பாட்டைக் கேட்பது பழக்கமாகிவிட்டது. தாளம் மாறியிருக்கிறதா, பாஸ் என்கிற கீழ் ஒலி வரி மூலத்திலிருந்து வந்ததா, நடுவில் வரும் கிடார் தனி ஆவர்த்தனம் சும்மா இடத்தை நிரப்புகிறதா என்றெல்லாம் காது தானாகக் கேட்க ஆரம்பித்தது. இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். பாட்டுகள் அதற்கு அடுத்த லாபம்.

நம் பக்கத்து ஆட்களுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் சின்ன வயதில் விளையாடியது ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி செய்த அசல் கேம் பெட்டி கிடையாது. மதுரையிலோ பர்மா பஜாரிலோ வாங்கியது, இல்லையென்றால் கீழக்கரைப் பக்கத்து உறவினர் யாராவது துபாயிலிருந்து கொண்டுவந்தது. "டிவி கேம்" என்போம், மஞ்சள் கேசட் செருகுவோம், கேசட் ஓடவில்லை என்றால் ஊதுவோம். அவை எல்லாம் நகல் பெட்டிகள். அசல் பெட்டியின் ஒலிச் சில்லில் (சிப்) ஐந்து தடங்கள்: சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிவு செய்த ஒலித் துணுக்குக்கு ஒன்று. சதுர அலை ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை வைத்துத்தான் அதன் குரல் மாறும். 50 விழுக்காடு என்றால் உருண்டு ஒலிக்கும், 25 என்றால் மூக்கால் பாடும். தைவானில் செய்த நகல் சில்லுகள் பலவற்றில் இந்த இரண்டும் இடம் மாறியிருந்தன. உருண்ட குரல் வர வேண்டிய இடத்தில் மூக்குக் குரல், மூக்குக் குரலுக்குப் பதில் உருண்ட குரல்.

வேகத்திலும் இதே கதை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி திரை நொடிக்கு 60 முறை துடிக்கும், பிஏஎல் என்ற முறையில் ஓடும் நம் ஊர் டிவி 50 முறை. அந்தக் காலத்து கேம்கள் பாட்டைத் திரைத் துடிப்போடு கட்டி ஓட்டின. ஆகவே அங்கே ஒரு நிமிடத்தில் முடியும் பாட்டு நம் வீட்டில் 1 நிமிடம் 12 நொடி ஓடும். சுருதி ஏறக்குறைய அதேதான், நடை மட்டும் நிதானம். கோஜி கோண்டோ 1985-இல் மரியோவுக்குப் போட்ட பாட்டை அசல் வேகத்தில் முதலில் கேட்டபோது யாரோ வேகத்தைக் கூட்டி ஓட்டிவிட்டதாகத்தான் நினைத்தேன். ரஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் டெண்டி என்ற நகல் பெட்டியோடு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே நிதானமான நடைதான் நினைவு. அந்தப் பக்கத்து ரசிகர்கள் கட்டும் ரீமிக்ஸில் வேகம் கொஞ்சம் இறங்கியிருந்தால் எனக்கு உடனே பிடித்துப்போகிறது. காரணம் இதுவாகத்தான் இருக்கும். நம் ஆட்கள் யாராவது நகல் பெட்டியின் குரலையே வைத்து ரீமிக்ஸ் செய்தால் அது தப்பான ஒலி ஆகாது. நம் தலைமுறை கேட்ட ஒலியே அதுதான்.

இணையம் ஊர்ந்த காலத்தில் எங்களைக் காப்பாற்றியது கோப்பின் அளவு. ஒரு எம்பி3 இறங்குவதற்குள் பாம்பனில் ரயில் போய்த் திரும்பிவிடும். ஆனால் என்எஸ்எஃப் என்று ஒரு கோப்பு வகை உண்டு. அதற்குள் இருப்பது ஒலிப்பதிவு அல்ல, சில்லுக்குக் கொடுக்கும் கட்டளைகள்தான். ஒரு கேமின் மொத்தப் பாட்டும் சில பத்து கிலோபைட்டில் அடங்கிவிடும், வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படத்தைவிடச் சிறியது. கொமடோர் 64 கணினிப் பாட்டுகளை ஹை வோல்டேஜ் சிட் கலெக்ஷன் என்று ஒரு குழு திரட்டி வைத்திருக்கிறது. 50,000-க்கு மேல் பாட்டுகள், மொத்தமும் பென்டிரைவில் ஒரு மூலையில் அடங்கிவிடும் அளவு. ரீமிக்ஸைக் கேட்கும்போது மூலத்தையும் பக்கத்தில் வைத்துக் கேட்க முடிந்தது இந்தத் திரட்டுகளால்தான். ரீமிக்ஸ் செய்கிறவர்களைக் கொண்டாடுகிறோம், திரட்டி வைத்தவர்களை யாரும் பேசுவதில்லை. எனக்கு அவர்கள்மேல்தான் கூடுதல் மரியாதை.

எதைக் கேட்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது டாங்கி காங் கன்ட்ரி பாட்டுகள். 1994-இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த கேம். அந்தப் பெட்டியின் ஒலிப் பகுதிக்கு 64 கிலோபைட் நினைவகமும் எட்டுத் தடங்களும்தான். அதற்குள் டேவிட் வைஸ் கடலடிக் கட்டத்துக்கு ஒரு பாட்டு போட்டிருக்கிறார். கடலோரத்தில் இருப்பவன் என்பதால் சொல்லவில்லை, புது ஸ்பீக்கர் பெட்டி இறக்கினால் கீழ் ஒலி எப்படி இருக்கிறது என்று நான் முதலில் ஓட்டிப் பார்ப்பது அந்தப் பாட்டின் ரீமிக்ஸ்களில் ஒன்றைத்தான். இந்தக் கேமின் இரண்டாம் பாகத்துக்கு ஓவர்குளாக்டு ரீமிக்ஸ் ரசிகர்கள் 2010-இல் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். அதில் டேவிட் வைஸே தன் பாட்டைத் தானே ரீமிக்ஸ் செய்து கொடுத்தார். கூட அவருடைய பழைய சகாக்கள் கிராண்ட் கர்கோப் கிடாரும், ராபின் பீன்லேண்ட் டிரம்பெட்டும் வாசித்தார்கள். மூலம் போட்டவரே ரசிகர் வரிசையில் வந்து உட்கார்ந்தால் அப்புறம் யார் இதைக் குறைவாகப் பேச முடியும்?

கேம் இசையே பல நேரம் ரீமிக்ஸ்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். நின்டெண்டோவின் கையடக்கப் பெட்டியான கேம்பாயில் வந்த டெட்ரிஸில் எல்லோரும் முணுமுணுக்கும் பாட்டு கொரோபைனிகி என்ற ரஷ்ய நாட்டுப்பாட்டு. அதன் வரிகள் ரஷ்யக் கவிஞர் நெக்ரசோவ் 1861-இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. நின்டெண்டோ இசையமைப்பாளர் ஹிரோகாசு தனாகா அதைக் கேம்பாய்க்கு ஏற்றபடி கட்டிக்கொடுத்தார். விருது மேடையும் இப்போது பழகிவிட்டது. 2011-இல் சிவிலைசேஷன் 4 கேமின் பாபா யேது என்ற பாட்டு கிராமி விருது வாங்கியது. 2022-இல் 8-பிட் பிக் பேண்ட் என்ற குழு, கிர்பி கேமின் பழைய பாட்டு ஒன்றை ஜாஸ் பாணியில் கட்டி, இசைக்கோப்புக்கான கிராமியை வாங்கியது. கிட்டத்தட்ட ரசிகர் வேலைக்கே கிடைத்த கிராமி அது.

சரி, குறைகளுக்கு வருவோம். முதல் குறை, சலிப்பு. பத்து ரீமிக்ஸ் எடுத்தால் நாலைந்து மெட்டல் கிடார், இரண்டு மூன்று சினிமா பாணி ஆர்கெஸ்ட்ரா. ஆர்கெஸ்ட்ரா என்றாலே முதல் ஒரு நிமிடம் வயலின் மெதுவாக எழும்பி வரும், நான் நேராகத் தள்ளிவிடுவேன். இரண்டாவது, சத்தம். 2000-களில் வந்த பலவற்றை அமுக்கி அமுக்கி, ஏற்ற இறக்கமே இல்லாமல் தட்டையாக்கி வைத்திருக்கிறார்கள். இயர்போனில் நன்றாக இருக்கும். திறந்த வெளியில் பெரிய பெட்டியில் போட்டால் அரை மணி நேரத்தில் தலைவலி. பழைய சில்லு ஒலியே இதற்குத் தேவலை. சதுர அலை குழாய் ஸ்பீக்கரில் கணீரென்று போகும், காற்றடிக்கிற நாளிலும் ராகம் புரியும். பெண் அழைப்புக்கு முன்னால் சும்மா ஓட்டிப் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, "ஏம்ப்பா, ஆளே பாடாம அது பாட்டுக்கு ஓடுது, கேசட் மாட்டிக்கிச்சா?" என்றார். அது வேறு.

மூன்றாவது குறை, காப்புரிமைக் குழப்பம். நின்டெண்டோ பாட்டுகளை அப்படியே ஏற்றி வைத்திருந்த கில்வாசன்னர் என்ற யூடியூப் சேனல், ஏராளமான தடைகளுக்குப் பிறகு 2022-இல் மூடப்பட்டது. 2024 அக்டோபரில் நின்டெண்டோ தானே ஓர் இசைச் செயலி கொண்டுவந்தது, கேட்க அவர்கள் சந்தாதாரராக இருக்க வேண்டும். ரீமிக்ஸ் செய்கிறவர்களை அந்த அளவுக்குத் துரத்துவதில்லை, காசு பார்க்காதவரை பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். நம் சட்டத்தில் கவர் பாட்டுக்கு, அதாவது வந்த பாட்டை வேறொருவர் திரும்பப் பதிவு செய்வதற்கு, வழி உண்டு, காப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு. ஆனால் மூலம் வெளிவந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், முன்கூட்டியே ராயல்டி கட்ட வேண்டும், தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டை மாற்றவும் கூடாது. மாற்றுவதுதானே ரீமிக்ஸ்? ஆகவே விற்கும் எண்ணம் இருந்தால் உரிமையாளரிடம் நேராக அனுமதி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நான் விசேஷங்களில் கேம் பாட்டு போடுவதை ஒலி சரிபார்ப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் செய்து பார்த்த கதையும் ஒன்று உண்டு. அக்கா மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான். காண்ட்ரா என்ற கேமின் முதல் கட்டத்துப் பாட்டைத் தவிலோடு கட்டினான். இலவச ஒலித் தொகுப்புகளில் உலகத்து மேளம் எல்லாம் கிடைக்கும், உருப்படியான தவில் ஒன்று கிடைக்காது. ஆகவே தெரிந்த தவில்காரரை அழைத்துப் போனில் பதிவு செய்து, வெளிநாட்டு ரீமிக்ஸ் குழு ஒன்றுக்கு அனுப்பினான். பல மாதம் கழித்து வேண்டாம் என்று பதில் வந்தது.

"மாமா, திட்டியிருக்கானுங்க."

"எங்க காட்டு. திட்டலடா, எந்த நிமிஷத்துல என்ன கோளாறுன்னு எழுதியிருக்கான்."

இரண்டாம் நிமிடம் முதல் நிமிடத்தையே நகல் எடுத்தது மாதிரி இருக்கிறது, தவிலில் அறை எதிரொலி ஏறியிருக்கிறது, ஆனால் தவிலும் பாஸும் சண்டை போடும் இடம் அருமை, அதை வளர்த்தால் நன்றாக இருக்கும் என்று இரண்டு பத்தி. முகம் தெரியாத பையனுக்காக யாரோ உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் லைக் விழும், "சூப்பர் ப்ரோ" விழும், இரண்டாம் நிமிடத்தில் என்ன கோளாறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதிரொலிக்கு நான் வழி சொன்னேன். குடோனில் பந்தல் துணிக் கட்டுகளை மூன்று பக்கமும் அடுக்கி, நடுவே தவில்காரரை உட்காரவைத்து, நல்ல மைக்கில் எடுத்தோம். ஸ்டூடியோவில் எடுத்த மாதிரி வந்தது. இரண்டாம் நிமிடத்தை இன்னும் மாற்றிக்கொண்டிருக்கிறான். பென்டிரைவில் ஏற்றி ஒரு விசைப்படகு டிரைவருக்கும் கொடுத்தான். எஞ்சின் சத்தத்திலும் தவில் கேட்கிறது என்றார் அவர், மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புதிதாக நுழைகிறவர்களுக்கு என் சிபாரிசு: நீங்கள் விளையாடிய ஒரே ஒரு கேமை எடுங்கள். அதன் மூலப்பாட்டைக் கேளுங்கள், பிறகு அதே பாட்டுக்கு வந்த ரீமிக்ஸ்களை வரிசையாகக் கேளுங்கள். "டாப் 50" தொகுப்புகளில் ஆரம்பித்தால் எல்லாம் ஒரே மெட்டலாகக் கேட்டு இரண்டு நாளில் விட்டுவிடுவீர்கள். செய்து பார்க்க ஆசை இருந்தால் பழைய நின்டெண்டோ சில்லு ஒலியில் பாட்டுக் கட்டும் ஃபாமிட்ராக்கர் என்ற மென்பொருள் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். திரையில் எண்களாகக் கொட்டும், பயப்பட வேண்டாம், கொஞ்ச நாளில் பழகிவிடும். விலை கூடிய ஹெட்போன் மட்டும் இப்போதைக்கு வாங்காதீர்கள். எங்கள் கடற்கரை உப்புக் காற்றில் கேபிள் பின்னில் பச்சை பூத்து ஒரு பக்கம் செத்துவிடும். நான் நடுத்தர விலையில், கேபிளைத் தனியாகக் கழற்றி மாற்றும் மாடலாக வாங்கி, வருடம் ஒரு கேபிள் மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.