டியூஸ் எக்ஸ் ஹியூமன் ரெவல்யூஷன்: வருஷக்கணக்கா விளையாடினவனோட அனுபவம்

2011ல வந்த கேம், இன்னும் என் லேப்டாப்ல இருந்து அழிக்க மனசு வரல. அதுக்கப்புறம் எத்தனையோ சைபர்பங்க் (மெஷினும் மனுஷனும் கலந்த எதிர்கால உலகம்) கேம் வந்துருச்சு, கிராபிக்ஸ்ல இது அதுங்க கிட்டயே நிக்க முடியாது, முகமெல்லாம் மெழுகு பொம்மை மாதிரி இருக்கும், ஆனா ஒளிஞ்சு போற ஆட்டம்னா எனக்கு இதுதான். இப்ப வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். கதை கொஞ்சம் உடையும், பரவாயில்லன்னா மேல படிங்க.

கதை 2027ல நடக்குது. டெட்ராய்ட்ல சாரிஃப் இண்டஸ்ட்ரீஸ்னு செயற்கை கை கால் செய்யுற கம்பெனி, அங்க செக்யூரிட்டி தலைவர் ஆடம் ஜென்சன். கம்பெனி மேல தாக்குதல் நடக்குது, ஆள் கிட்டத்தட்ட செத்தே போறான், முதலாளி டேவிட் சாரிஃப் அவன் சம்மதம் எதுவும் கேக்காம பாதி உடம்ப மெஷினா மாத்தி எழுப்பி விடுறாரு. ஆறு மாசம் கழிச்சு வேலைக்குத் திரும்புறதுல இருந்து ஆட்டம் சூடு புடிக்கும்.

ஸ்டெல்த்னா நிழல்ல பதுங்கி கார்டு பின்னாடி போய் மண்டையில தட்டுறதுன்னுதான் பொதுவா நினைப்போம். அது இதுலயும் இருக்கு, நல்லாவே இருக்கு, கவர்ல, அதாவது ஒளிஞ்சுக்கிற சுவர்ல ஒட்டினதும் கேமரா வெளிய வந்து உங்க உடம்ப காட்டும், அதனால எட்டிப் பாக்குறது சுலபம். ஆனா நிஜ சுவாரஸ்யம் அடுத்தவன் மெயில படிக்கிறதுலதான் இருக்கு. வெண்ட் (காத்துக் குழாய்) வழியா ஒரு ஆபீஸ் ரூமுக்குள்ள இறங்குறீங்க, கம்ப்யூட்டர ஹேக் பண்றீங்க, அங்க லீவு கேட்டு ஒருத்தன் கெஞ்சியிருப்பான், இன்னொருத்தி நியூரோபோசைன் வாங்கக் காசில்லன்னு அட்வான்ஸ் கேட்டிருப்பா. உடம்புல மெஷின் வெச்சவங்க எல்லாரும் ஆயுசு முழுக்க அந்த மருந்து போட்டே ஆகணும், இல்லன்னா உடம்பு அந்த மெஷின ஏத்துக்காது. ஜென்சனுக்கு மட்டும் அது தேவையில்ல, ஏன்னு கதையில வரும். இந்த உலகம் எப்படிப்பட்டதுன்னு நடுவுல வர்ற வீடியோ காட்சிகள்ல சொல்றத விட இந்த மெயில்கள்லதான் அதிகம் புரியுது.

ஜென்சன் வீட்டையும் அப்படியே பாருங்க, அவசரமா ஓடிடாதீங்க. பாத்ரூம் கண்ணாடி உடைஞ்சு கிடக்கும். அவன் கம்ப்யூட்டர்ல கண்ணாடி மாத்துறது பத்தி பில்டிங் ஆளுங்க மெயில் இருக்கும். கிச்சன்ல சீரியல் டப்பாவா அடுக்கி வெச்சிருப்பான். இவன் எந்த நிலைமையில இருக்கான்னு யாரும் வாய் திறந்து சொல்லல, நாமளே புரிஞ்சுக்க வேண்டியதுதான்.

எனக்கு இன்னும் ரொம்பப் புடிச்ச இடம் டெட்ராய்ட் போலீஸ் ஸ்டேஷன். உள்ள பிணவறையில ஒரு பொருள எடுக்கணும். சாக்கடை வழியா போலாம், பின் சந்துல ஏறி போலாம், சுட்டுக்கிட்டே கூட போலாம். இல்லன்னா முன் கவுண்டர்ல உக்காந்திருக்கிற வெய்ன் ஹாஸ்கிட்ட பேசலாம், ஜென்சன் போலீஸ்ல இருந்தப்ப கூட வேலை பாத்தவரு. ஜென்சன் சுட மாட்டேன்னு மறுத்த ஒரு பையன ஹாஸ்தான் சுட்டாரு, அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகல, அந்தப் புண்ண சரியாத் தொட்டுப் பேசினா கதவ திறந்து விட்டுருவாரு. ரத்தம் இல்ல, அலாரம் இல்ல, சூப்பர்னு நினைப்போம். அப்புறம் கதை திரும்ப டெட்ராய்ட் வரும்போது மனுஷன் வேலை போய் வந்து நிப்பாரு பாருங்க, யாரையும் தொடாம ஜெயிச்சோம்னு இருந்த பெருமை அங்கயே காலி.

ஆரம்பத்துலயும் இப்படி ஒண்ணு இருக்கு. சாரிஃப் ஹெலிபேடுக்கு சீக்கிரம் வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு, மத்த கேம் பழக்கத்துல ஆபீஸ் முழுக்க டிராயர் டிராயரா நோண்டிக்கிட்டு இருந்தா அங்க ஃபேக்டரியில பிணைக்கைதிங்க செத்துப் போயிருப்பாங்க. அவசரம்னு சொன்னா நிஜமாவே அவசரம்.

குறைன்னா எனக்கு முதல்ல கடுப்பேத்துறது எக்ஸ்பி, அதாவது அனுபவப் பாயிண்ட் கணக்கு. கொல்லாம மயக்கினா கூட பாயிண்ட், யார் கண்ணுலயும் படலன்னா தனி போனஸ், ஹேக் பண்ணா பாயிண்ட். இதனால என்ன ஆகுதுன்னா பாஸ்வேர்ட் கையில இருந்தாலும் பாயிண்டுக்காக ஹேக் பண்ணுவோம், வழி கிடைச்ச அப்புறமும் எல்லா வெண்ட்லயும் ஊர்ந்து ஊர்ந்து போவோம், மத்த வழிகள தண்டமா விட்ருவோம். இப்பல்லாம் நான் ஹேக்கிங்ல அப்கிரேடே போடாம ஆடுறேன், பாஸ்வேர்ட தேடித்தான் ஆகணும், அங்கங்க கிடக்குற பாக்கெட் செக்ரட்டரி (குறிப்பு எழுதி வெச்ச சின்ன கருவி) ஒவ்வொண்ணையும் படிச்சுத்தான் ஆகணும், ஆட்டம் அப்பதான் உயிரா இருக்கு.

பாஸ் ஃபைட் (முக்கிய வில்லன்கூட நேருக்கு நேர் சண்டை) பத்தி ஊரே திட்டிருச்சு. அந்தப் பகுதிய வெளி கம்பெனிகிட்ட குடுத்து செஞ்சாங்க, அது நல்லாவே தெரியும், பதுங்கிப் பதுங்கி வந்தவன திடீர்னு ஒரு ரூம்ல பூட்டி துப்பாக்கிய எடுன்னா என்ன அர்த்தம்? 2013ல டைரக்டர்ஸ் கட்னு வந்த திருத்தின பதிப்புல இத சரி பண்ணிட்டாங்க, சுத்தி ரூம், ஹேக் பண்ற மாதிரி டரெட் (தானா சுடுற துப்பாக்கி) எல்லாம் வெச்சிருக்காங்க, முன்னாடி தனியா வந்த மிஸ்ஸிங் லிங்க்ங்கிற கூடுதல் கதையும் கதைக்கு நடுவுலயே வந்துரும், அதனால வாங்குனா அத வாங்குங்க. ஆனா பழசுல இருந்த அந்த மஞ்சத் தங்க கலர அதுல குறைச்சுட்டாங்க, எனக்கு அது இல்லாம டெட்ராய்ட் ராத்திரி பச்சத்தண்ணியா இருக்கு. பிசில திரும்பக் கொண்டு வர மோட் (ரசிகர்கள் செஞ்ச மாற்றம்) இருக்கு, நான் அது போட்டுத்தான் ஆடுறேன்.

கடைசி கட்டம், பான்கேயா, சுமார்தான். அத்தன நேரம் நம்ம முடிவுக்கெல்லாம் கணக்கு வெச்ச கேம், முடிவுல ஒரு ரூம்ல நிக்க வெச்சு நாலு முடிவுல ஒண்ணத் தேர்ந்தெடுன்னு விட்ருது. சேவ் பண்ணிட்டு நாலையும் பாத்துரலாம், அவ்ளோதான் அதோட மதிப்பு.

2016ல வந்த அடுத்த பாகம் மேன்கைண்ட் டிவைடட்ல பிராக் நகரம் இத விட அழகு, ஆனா கதை பாதியில நின்ன மாதிரி முடியும். 2024 ஜனவரில இந்த கேம செஞ்ச ஈடோஸ் மாண்ட்ரியல்ல 97 பேர வேலைய விட்டு அனுப்பினாங்க, அடுத்த டியூஸ் எக்ஸையும் நிறுத்திட்டாங்கன்னு செய்தி வந்துச்சு, அதனால பாக்கிக் கதைக்காகக் காத்திருக்குறது வேஸ்ட்.

முதல் தடவை ஆடப் போறவங்களுக்கு ரெண்டே விஷயம். நடுவுல கண்ணுல கோடு கோடா தெரிய ஆரம்பிக்கும், எல்லாரும் உடம்பு மெஷினோட சிப் மாத்திக்கோன்னு சொல்லுவாங்க, மாத்தாதீங்க, பின்னாடி ஒரு ஃபைட்ல ஏன்னு தெரியும். ரெண்டாவது, சீனாவுல இருக்கிற ஹெங்ஷாக்கு மறுபடி போகும்போது ஒரு இஎம்பி (மெஷின முடக்குற) கிரனேடாவது கையில வெச்சுக்கங்க, ஜென்சன ஏத்திட்டுப் போற பைலட் மாலிக்க அங்க சுத்தி வளைப்பாங்க, அவ கிளம்பிப் போன்னுதான் சொல்லுவா, போயிடாதீங்க, ரோபோ வந்ததும் முதல்ல கிரனேட அது மேல எறிங்க.