குறட்டைக்கு டெஸ்ட்: வீட்டிலா, லேபிலா?

மயிலாப்பூர் வீட்டில் அப்பா விடும் குறட்டையில் ஏசி சத்தமே கேட்காது. தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று பார்க்க டாக்டர் இரண்டு வழி சொன்னார்.

வீட்டு டெஸ்ட் என்றால் மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சில் பெல்ட், விரலில் கிளிப். சொந்தக் கட்டில், செலவும் குறைவு. ஆனால் மூளை அலை பதிவாகாது. அதனால் அவர் விழித்துப் புரண்ட நேரமும் தூங்கிய கணக்கில் சேர்ந்து, மணிக்கு எத்தனை தடவை மூச்சுத்தடை என்பது உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம்.

லேபில் தலையெல்லாம் பசை தடவி வயர் ஒட்டுவார்கள் (மறுநாள் நன்றாகத் தலைக்குக் குளிக்க வேண்டும்). லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவு வரும் ரெம் என எல்லாக் கட்டமும் தனித்தனியாகப் பதிவாகும். ரெம்மில் தசைகள் தளர்வதால் பலருக்கு மூச்சு அப்போதுதான் அதிகம் அடைபடும். தூக்கம் முழுவதிலும் மூச்சு அடைபடுவது மணிக்குச் சராசரியாக 30 தடவையைத் தொட்டால் தீவிரம்.

குறட்டையும் பகல் தூக்கமும் மட்டும் என்றால் பெரும்பாலும் வீடே போதும். அப்பாவுக்கு இதயம் பலவீனம், சரி, லேப்தான்.