படைப்பிரிவு முத்திரை தேட எது நல்லது: லீ-என்ஃபீல்டா, கெவேர் 98-ஆ?

முதல் உலகப்போர்க் காலத்து ராணுவ ரைஃபிள் ஒன்றை வாங்கி, அது எந்தப் படைப்பிரிவின் கையில் இருந்தது என்று துப்புத் துலக்க ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே ஆஸ்திரேலியாவில் அந்த ஆசை வந்ததும் இரண்டு பெயர்கள்தான் முதலில் அடிபடும். ஒன்று பிரிட்டிஷ் படைகளின் எஸ்.எம்.எல்.இ., அதாவது குட்டை லீ-என்ஃபீல்டு. நம்மூர் போலீஸ்காரர் தோளில் பார்த்துப் பழகிய அதே திரீ நாட் திரீ. இன்னொன்று ஜெர்மானியர்களின் கெவேர் 98. நான் வாங்கியது இரண்டாவது, அதிலும் ஜெர்மனிக்குள்ளேயே தனிப் படை வைத்திருந்த பவேரியாவின் முத்திரை உள்ளது. என் சாய்வு தெரிந்துவிட்டதல்லவா, மேலே படியுங்கள்.

வழக்கமான ஒப்பீடுகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லீ-என்ஃபீல்டில் பத்துத் தோட்டா, கெவேரில் ஐந்து. லீ-என்ஃபீல்டின் போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளும் இரும்புத் தண்டு, வெண்ணெய் மாதிரி ஓடும். கெவேர் ஒன்றேகால் மீட்டர் நீளம், அலமாரிக்குள் வைப்பதே பெரும்பாடு. 1912-இல் திறந்த லித்கோ தொழிற்சாலை இங்கேயே லீ-என்ஃபீல்டு செய்ததால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம், விலையும் கட்டுப்படியாகும். சுடுவதற்கு வாங்குபவர் யோசிக்காமல் லீ-என்ஃபீல்டையே எடுக்கலாம்.

முத்திரை என்று வந்தால் கதை மாறும். இரண்டு துப்பாக்கியிலும் பின்கட்டையின் (தோளில் பதியும் மரப்பகுதி) வலப்பக்கம் ஒரு சின்ன உலோக வில்லை இருக்கும், படைப்பிரிவின் அடையாளத்தை அதில்தான் பொறிப்பார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி, அந்த வில்லைக்கும் மற்ற இரும்புக்கும் என்ன உறவு என்பதுதான். லீ-என்ஃபீல்டின் மரம் இரண்டு துண்டு. முன்கட்டை தனி, பின்கட்டை தனி. பின்கட்டையை உள்ளே செல்லும் ஒரே ஒரு நீண்ட திருகாணிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிப்பாயின் கைநீளத்துக்குத் தகுந்தபடி குட்டை, நடுத்தரம், நீளம் என்று பல அளவில் பின்கட்டை வைத்திருந்தார்கள், தேவைப்பட்டால் கழற்றி மாட்டினார்கள். பட்டறைக்குப் பழுதுபார்க்கப் போனாலும் அப்படித்தான். பின்கட்டையில் துப்பாக்கியின் தொடர் எண்ணும் இருக்காது. ஆக, வில்லையில் எவ்வளவு அருமையான பட்டாளத்தின் பெயர் இருந்தாலும் அது அந்த மரத்துண்டின் வரலாறு மட்டுமே. அந்த மரம் இந்த இரும்போடுதான் போருக்குப் போனது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

கெவேர் 98-இல் முன்கட்டையும் பின்கட்டையும் ஒரே துண்டு. மரத்திலும் எண் உண்டு, ரிசீவரிலும் (போல்ட் ஓடும் இரும்புக் கூடு) உண்டு, குழலிலும் போல்ட்டிலும் உண்டு. திருகாணித் தலையில்கூடக் கடைசி இரண்டு இலக்கத்தைக் குத்தி வைத்தவர்கள் ஜெர்மானியர்கள். எல்லா எண்ணும் பொருந்தி, வில்லையைச் சுற்றியுள்ள மரத்தில் நோண்டிய தடம் இல்லாமல் இருந்தால் வில்லை, மரம், இரும்பு மூன்றையும் ஒரே நூலில் கோத்துப் பார்க்கலாம். வில்லையை மட்டும் மாற்றும் கில்லாடிகள் இல்லாமல் இல்லை. பவேரியாவின் 16-ஆவது ரிசர்வ் ரெஜிமென்ட் என்று ஒரு முத்திரை வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஹிட்லர் இருந்த ரெஜிமென்ட் அது, விலையை ஏற்ற அந்த ஒரு பெயர் போதும்.

முத்திரையைப் படிப்பதும் சுலபம். மாதிரிக்கு, 'பி. 4. ஆர். 5. 67' என்று இருந்தால் பவேரியாவின் 4-ஆவது காலாட்படை ரெஜிமென்ட், 5-ஆவது கம்பெனி, 67-ஆம் ஆயுதம். லித்கோ கட்டைகளில் பெரும்பாலும் கண்ணில் படுவது ராணுவ மாவட்டத்தின் எண். 2 என்றால் நியூ சவுத் வேல்ஸ், 3 என்றால் விக்டோரியா. ஒரு மாநிலம் முழுவதிலும் எங்கே போய்த் தேட?

அப்புறம் காகிதம். நான் பவேரிய முத்திரைதான் வேண்டும் என்று காத்திருந்ததற்குக் காரணம் இதுதான். ஜெர்மனியின் மிகப் பெரிய ராஜ்ஜியமான பிரஷ்யாவின் ராணுவ ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் பெர்லினை அடுத்த போட்ஸ்டாம் மீது குண்டு விழுந்தபோது எரிந்து போனது. பவேரியா தன் படைக்குத் தனி ஆவணக்காப்பகம் வைத்திருந்தது. மியூனிக்கில் இருந்த அது தப்பியது. கம்பெனி வாரியான ஆள் பதிவேடுகள் அங்கே உண்டு, இணையத்திலும் பார்க்கலாம். வில்லையில் கம்பெனி எண் இருப்பதால் நேராக அந்தப் பதிவேட்டுக்கே போய்விடலாம். ஊர், தொழில், காயம்பட்ட நாள் எல்லாம் வரிவரியாக இருக்கும். 67-ஆம் ஆயுதம் யார் கையில் இருந்தது என்பது மட்டும் அதில் கிடைக்காது.

நியாயமாகச் சொன்னால் காகித விஷயத்தில் ஆஸ்திரேலியா சளைத்ததல்ல. போர் நாட்குறிப்புகளும் சிப்பாய்களின் கோப்புகளும் இலவசமாகவே இணையத்தில் இருக்கின்றன. பட்டாலியன் பெயரோடு வில்லை தப்பியிருக்கும் லித்கோ ஒன்று உங்களுக்குக் கிடைத்தால், பின்கட்டைச் சிக்கலையும் மீறி வாங்கத்தான் வேண்டும். ஆனால் இரு தரப்புமே போரின் நடுவில் இந்த முத்திரைப் பழக்கத்தைக் கைவிட்டதால், பிந்தைய ஆண்டுகளில் செய்த துப்பாக்கியில் வெற்று வில்லையோ வெறும் மரமோதான் இருக்கும். ரிசீவரில் உள்ள ஆண்டை முதலில் பாருங்கள். கெவேரில் கூடுதலாக '1920' என்று குத்தியிருந்தால் அது போருக்குப் பின் வந்த ஜெர்மன் வெய்மார் அரசு தன் சொத்து என்று போட்ட முத்திரை. பழுதுபார்த்து எண்கள் கலைந்திருக்க வாய்ப்புண்டு.

சுவிஸ் ராணுவத்தின் கே31 ரைஃபிள் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பின்கட்டையின் கடைசியில் உள்ள தகட்டைக் கழற்றினால் சிப்பாயின் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டே பல நேரம் உள்ளே இருக்கும். அது 1930-களில் வந்த சரக்கு, நண்பரிடம் பார்த்ததோடு என் அனுபவம் சரி. விடை கையிலேயே கிடைத்துவிடுவதால் எனக்குத் தேடும் சுகம் அதில் குறைவு.

பட்ஜெட் இடித்தால் கெவேருக்குரிய 98/05 பயனெட்டை, அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியைப் பாருங்கள். அதன் குறுக்குப் பிடியிலும் இதே பாணி முத்திரை இருக்கும், பவேரிய 'பி'-யும் வரும். ரைஃபிளை விட எவ்வளவோ மலிவு, உறையோடு மேசை இழுப்பறையில் அடங்கிவிடும்.