பழைய துணிய ஆன்லைன் ஏலத்துல விக்கப் போறீங்களா? ரிட்டர்ன்ல உங்க துணிதான் திரும்பி வரும்னு நம்பாதீங்க

முதல்லயே சொல்லிடறேன், பதிவு கொஞ்சம் நீளம். வீட்டுல சும்மா தொங்கிட்டு இருக்குற நல்ல துணிகள ஏல சைட்டுல போட்டு நாலு காசு பாக்கலாம்னு புதுசா இறங்குறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. பணமே குடுக்காம ஏமாத்துறவங்களப் பத்தி எல்லாரும் எச்சரிக்கறாங்க. பணம் ஒழுங்கா வந்து, பார்சலும் போய் சேந்து, எல்லாம் முடிஞ்சதுன்னு நாம நினைக்கிற நேரத்துல நடக்குற திருட்டப் பத்தி ஆரம்பத்துல யாரும் சொல்றதில்ல.

நான் வித்தது ஒரு கம்பளி கோட். நல்ல பிராண்டு, ரொம்ப கொஞ்சமாதான் போட்டது, லைனிங்ல ஒரு கீறல் கூட கிடையாது. அதுல ஒரே ஒரு குறை, மேலேர்ந்து மூணாவது பட்டன் ஒரு தடவ பிஞ்சு வந்துடுச்சு, அத கையாலயே வெச்சு தைச்சிருந்தேன், மத்த பட்டன் எல்லாம் கறுப்பு நூல், அது மட்டும் அடர் பிரவுன் நூல். இத லிஸ்டிங்லயே (பொருள விக்க சைட்டுல நாம போடுற பதிவு) எழுதி, அந்த பட்டன மட்டும் கிட்டத்துல போட்டோ எடுத்தும் போட்டிருந்தேன். ஏலம் நல்லாவே போச்சு, கடைசி நிமிஷத்துல ரெண்டு பேர் போட்டி போட்டு ஏத்துனாங்க, ஜெயிச்சவர் உடனே பணமும் கட்டிட்டார், நானும் மறுநாளே கூரியர்ல அனுப்பிட்டேன்.

பார்சல் கிடைச்ச கொஞ்ச நாள்ல ரிட்டர்ன் கேஸ் வருது. காரணம் "விளக்கத்துல சொன்ன மாதிரி இல்ல". லைனிங் கிழிஞ்சிருக்கு, கைமுனை தேஞ்சிருக்குன்னு போட்டோவோட போட்டிருக்கார். போட்டோவப் பாத்ததும் எனக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு. அதே பிராண்டு, அதே கலர், அதே சைஸ், ஆனா என் கோட் இல்ல. அக்குள் பக்கம் லைனிங் நீளமா பிரிஞ்சு தொங்குது, காலர் மடிப்புல அழுக்கு ஏறி பளபளன்னு இருக்கு, மூணாவது பட்டன் மத்ததப் போலவே கறுப்பு நூல்ல இருக்கு. இதவிட என்ன ஆதாரம் வேணும் சொல்லுங்க? ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, நூல் கலர வட்டம் போட்டு சப்போர்ட்டுக்கு அனுப்பினேன்.

வந்த பதில் என்னன்னா, "உங்க லிஸ்டிங் போட்டோல இருக்குற பொருளதான் நீங்க அனுப்பினீங்கன்னு இத வெச்சு உறுதிப்படுத்த முடியாது". அதாவது நான் நல்ல கோட்ட போட்டோ எடுத்துப் போட்டுட்டு கிழிஞ்ச கோட்ட அனுப்பியிருக்கலாமாம். ரிட்டர்ன ஏத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க, அந்த கிழிஞ்ச கோட் வந்து சேந்துச்சு, டிராக்கிங்ல "டெலிவர்டு"ன்னு விழுந்ததும் என் கணக்குலேர்ந்து முழுப் பணமும், ரிட்டர்ன் அனுப்புற செலவும் சேத்து எடுத்துட்டாங்க. அப்பீல் போட்டேன், அதுக்கும் அதே வரியையே திருப்பி அனுப்பினாங்க. கோட்டும் போச்சு, பணமும் போச்சு, அந்த ஆளோட அக்கவுண்ட் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. சைட் பேர சொல்ல விரும்பல, ஏன்னா இது ஒரு சைட்டோட பிரச்சினை இல்ல, இந்த முறையே அப்படித்தான் இருக்கு.

ஏன் பழைய துணியில இது இவ்வளவு ஈசியா நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. போனுக்கு ஐஎம்இஐ நம்பர் இருக்கு, லேப்டாப்புக்கு சீரியல் நம்பர் இருக்கு, மாத்தி வெச்சா மாட்டிக்குவாங்க. கடையில தொங்குன சட்டைக்கு அப்படி ஒண்ணும் கிடையாது, ஒரே டிசைன்ல ஆயிரக்கணக்குல தைச்சு விட்டிருப்பாங்க. ஒருத்தர்கிட்ட அதே உடுப்பு தேஞ்சு கிழிஞ்சு கிடந்தா, நல்லது எங்க விக்குதுன்னு தேடி வாங்கி, தன்னோடத திருப்பி அனுப்பிட்டா போதும், பைசா செலவில்லாம பழசு புதுசாயிடும்.

"நான் ரிட்டர்ன் கிடையாதுன்னு போட்டுடுவேனே"ன்னு நினைக்காதீங்க, அது வேலைக்காகாது. ஈபே விதிமுறையவே எடுத்துக்கோங்க, 1995-லேர்ந்து நடக்குற சைட் அது, விக்கிறவர் "நோ ரிட்டர்ன்ஸ்"னு போட்டிருந்தாலும் பொருள் சொன்ன மாதிரி இல்லன்னு வாங்கினவர் கேஸ் போடலாம். அதுக்கு பொதுவா 30 நாள் டைம், விக்கிறவர் 3 வேலை நாளுக்குள்ள பதில் சொல்லணும், இல்லன்னா சைட்டே உள்ள வந்து முடிவு எடுக்கலாம். பேபால்ங்கற ஆன்லைன் பேமெண்ட் சேவை வழியா கட்டியிருந்தா தகராறு எழுப்ப 180 நாள் வரைக்கும் நேரம் இருக்கு. அதுபோக 2008-லேர்ந்து ஈபேல விக்கிறவங்க வாங்கினவங்களுக்கு நெகடிவ் ஃபீட்பேக்கே போட முடியாது, அதனால 100% ஃபீட்பேக்னு பாத்து ஒரு வாங்குறவர நம்பினா அதுக்கு அர்த்தமே இல்ல. வாங்குறவங்களுக்கு பாதுகாப்பு வேணும், அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல, கண்ணால பாக்காம வாங்குறாங்க பாவம். ஆனா அந்த பாதுகாப்ப ஆயுதமா வெச்சு சுத்துறவங்களுக்கு எதிரா விக்கிறவங்க கையில ஏதாவது இருக்கணும்ல.

இப்ப நான் செய்யறத சொல்றேன். லிஸ்டிங் போட்டோ மட்டும் போதாது, பேக்கிங் வீடியோ வேணும், அதுவும் ஒரே டேக்ல, எங்கயும் கட் பண்ணாம. துணிய விரிச்சு முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் காட்டி, வாஷ் லேபிள கிட்டத்துல காட்டி (நிறைய பிராண்டு துணியில அந்த லேபிளுக்குப் பின்னாடி சின்னதா ஸ்டைல் நம்பர், பேட்ச் நம்பர் இருக்கும்), அக்குள், காலர், கைமுனை, ஜிப் எல்லாத்தையும் நின்னு காட்டி, அப்படியே கவருக்குள்ள போட்டு ஒட்டி, டிராக்கிங் நம்பர் உள்ள லேபிள் தெரியற வரைக்கும் கேமரா நகரக்கூடாது. "நீங்க வேற பொருள அனுப்பியிருக்கலாம்"ங்கற வாதத்துக்கு பதில் சொல்ல இருக்கறது இது ஒண்ணுதான். கூடவே உள் தையல்ல, வெளிய தெரியாத இடத்துல, வேற கலர் நூல்ல ரெண்டே ரெண்டு தையல் போட்டு வைங்க, அதையும் வீடியோல காட்டுங்க, ஆனா லிஸ்டிங்ல மட்டும் காட்டாதீங்க. நான் பட்டன் நூல லிஸ்டிங்ல காட்டியும் அந்த ஆள் கவனிக்காம விட்டான், எல்லாரும் விடமாட்டாங்க, தெரிஞ்சா அதே மாதிரி தைச்சு அனுப்புற ஆளும் இருப்பான்.

எடையும் முக்கியம். கூரியர் ரசீதுல போகும்போது எவ்வளவு எடைன்னு இருக்கும், அத தூக்கிப் போடாதீங்க. ரிட்டர்ன்னு சொல்லி காலி கவரையோ ஒரு பழைய டீஷர்ட்டையோ அனுப்பி டிராக்கிங்ல "டெலிவர்டு" காட்ட வெக்கிற கும்பலும் இருக்கு, அப்ப எடை வித்தியாசம் பேசும்.

நாம எழுதுற விளக்கத்துல வழி விட்டுடக்கூடாது. "லைக் நியூ"ன்னு எழுதினா ஒரு நூல் பிரிஞ்சிருந்தாலும் அவங்களுக்கு அது கேஸ். லேபிள் இல்லாத துணிய தொட்டுப் பாத்துட்டு பட்டுன்னோ காஷ்மீர்னோ எழுதாதீங்க, லேபிள் இல்லன்னு எழுதுங்க. சைஸ் லேபிள நம்பாதீங்க, துவைச்சா சுருங்கும், பிராண்டுக்கு பிராண்டு அளவு மாறும், அதனால துணிய தரையில சமமா விரிச்சு அக்குளுக்கு அக்குள், தோள்பட்டை, கை நீளம், மொத்த நீளம்னு இன்ச் டேப் துணி மேலயே இருக்குற மாதிரி போட்டோ எடுங்க. பகல் வெளிச்சத்துல எடுங்க, மஞ்ச பல்புல கறை மறைஞ்சிடும், நீங்க மறைச்சீங்கன்னு பேர் வரும்.

இன்னொரு வகை, பாதி பணம் கேக்கறது. "சின்ன கறை இருக்கு, பாதிய திருப்பிக் குடுத்தா ரிட்டர்ன் போடமாட்டேன், இல்லன்னா மோசமா ரிவ்யூ போடுவேன்"னு மெசேஜ் வரும். குடுக்காதீங்க. கறை இருந்தா முறைப்படி ரிட்டர்ன் பண்ணுங்கன்னு மரியாதையா ஒரே ஒரு பதில், அதுவும் சைட்டோட மெசேஜ்லயே. ரிவ்யூவ காட்டி மிரட்டறது ஈபேல விதிமீறல், மெசேஜ் அங்கயே இருந்தாதான் ரிப்போர்ட் பண்ண முடியும், வாட்ஸ்அப்புக்கு கூப்பிட்டா போகாதீங்க. பணம் கட்டினதுக்கு அப்புறம் "வேற அட்ரஸுக்கு அனுப்புங்க"ன்னு கேட்டாலும் ஆர்டர கேன்சல் பண்ணிடுங்க, அட்ரஸ் மாத்தி அனுப்பினா விக்கிறவருக்கான பாதுகாப்பு போயிடும். "பணம் கட்டியாச்சு, டிராக்கிங் நம்பர் குடுத்தா ரிலீஸ் ஆகும்"னு வர்ற மெயில் எல்லாம் போலி, அக்கவுண்ட்ல உள்ள போய் பாத்துட்டு அனுப்புங்க.

ஏலத்தப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். ஆரம்ப விலைய அடிமட்டத்துல வை, கூட்டம் வந்து ஏத்திடும்னு புதுசா வர்றவங்களுக்கு சொல்றாங்க. துணிக்கு இது பெரும்பாலும் சரிப்படாது, ஏன்னா அந்த சைஸ் உள்ளவங்க மட்டும்தான் ஏலம் கேப்பாங்க, ஒரே ஒரு ஆள் வந்தா ஆரம்ப விலைக்கே போயிடும், போனத திரும்ப வாங்க முடியாது. நிறைய சைட்டுல கமிஷன் ஷிப்பிங் காசையும் சேத்துதான் கணக்குப் போடுவாங்க, அதையும் கழிச்சுப் பாத்து, இதுக்குக் கீழ குடுக்க மனசு வராதுங்கற விலையில ஆரம்பிங்க.

கடைசியா, இப்ப யாருக்காவது ரிட்டர்ன் பார்சல் வந்து இன்னும் பிரிக்காம கையில இருந்தா, அவசரப்பட்டு ரீஃபண்ட் பட்டன அமுக்காதீங்க. பார்சல எடை போட்டு, லேபிள போட்டோ எடுத்து, வீடியோ ஓடிட்டு இருக்கும்போதே கவர வெட்டுங்க, உள்ள இருக்கறது உங்களுது இல்லன்னா ரீஃபண்டுக்கு சைட் குடுத்த கெடு முடியறதுக்குள்ள, அன்னைக்கே, "வேற பொருள் திரும்பி வந்திருக்கு"ன்னு ரிப்போர்ட் போட்டு பேக்கிங் வீடியோவையும் சேத்து அனுப்புங்க. இதே மாதிரி கோட், ஜாக்கெட்ல மாட்டினவங்க இருந்தா என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, அப்பீல்ல ஜெயிச்சவங்க யாராவது இருந்தா எந்த ஆதாரத்த ஏத்துக்கிட்டாங்கன்னு கண்டிப்பா எழுதுங்க.